மோட்டார்ஹோம் ஜெனரேட்டரில் பெரிய பழுதா? நாமே பிரிப்பதா, பட்டறைக்குக் கொடுப்பதா

பினாங்கின் தெலுக் பஹாங் கடலோரத்தில் வண்டியை நிறுத்தி ஏர்கோனைப் போட்ட பத்தாவது நிமிடம் ஜெனரேட்டர் படுத்துவிடுகிறது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை. உடனே வரும் பேச்சு, “கொய்ல் எரிந்துபோச்சு, செட்டை இறக்கணும்.” கொய்ல் என்பது ஜெனரேட்டருக்குள் இருக்கும் கம்பிச்சுற்று, செட் என்பது ஜெனரேட்டர் முழுவதும். பணம் விரயமாவது இந்த இடத்தில்தான். பழுது என்னவென்று தெரிவதற்கு முன்பே, அதை யார் பார்ப்பது என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழுதைக் கண்டுபிடிப்பது எப்போதும் வண்டிக்காரரின் வேலை. ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். சரிசெய்வது யார் என்பது அளவுகள் கையில் வந்த பிறகு எழும் கேள்வி.

முதல் படி: ஸ்பேனரைத் தொடாமல் அரை மணி நேரம்

பெட்ரோல் டாங்கியிலிருந்து ஜெனரேட்டருக்குப் போகும் குழாய், வண்டி எஞ்சினின் குழாயைவிட உயரத்தில்தான் முடியும். ஜெனரேட்டர் ஓடி ஓடி டாங்கியைக் காலி செய்து, நீங்கள் வீடு திரும்ப முடியாமல் போகக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. பல வண்டிகளில் கால் டாங்கிக்குக் கீழே போனதும் ஜெனரேட்டர் நின்றுவிடும், வண்டியோ நன்றாக ஓடும். சாய்ந்த நிலத்தில் நிறுத்தினால் இன்னும் சீக்கிரம் நிற்கும். முதலில் அரை டாங்கிக்கு மேல் நிரப்புங்கள்.

அடுத்து எண்ணெய். 4 கிலோவாட் பெட்ரோல் செட்டில் மொத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான் பிடிக்கும். அதில் கால் லிட்டர் குறைந்தாலே கணிசமான பங்கு போய்விடும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் செட் தானாகவே நின்றுவிடும்.

பிறகு பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் இருக்கவேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. பேட்டரி நல்லதாக இருந்தும் விழுந்தால் ஜெனரேட்டரின் எர்த் கேபிள் சட்டத்தில் பிடித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். பினாங்கில் கடற்கரையோரம் நிறுத்தும் வண்டிகளில் அந்த இடம் துருவேறி, வெளியே நட் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே தொடர்பே இல்லாமல் இருக்கும்.

காற்று வரும் துளைகளில் டார்ச் அடியுங்கள். குளவிக்கூடு, ரிலேக்குள் எறும்பு, கண்ட்ரோல் போர்டின் மேல் காய்ந்த பல்லி என்று நம் ஊரில் எதுவும் சாத்தியம். செட்டின் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஓனான் நிறுவனத்தின் செட் என்றால் ஸ்விட்சில் உள்ள விளக்கு மூன்று முறை சிமிட்டும். ஸ்டாப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் இரண்டு இலக்கப் பழுது எண்ணைக் காட்டும். மூன்று சிமிட்டல், சிறு இடைவெளி, ஆறு சிமிட்டல் என்றால் 36. அதாவது கண்ட்ரோலர் நிறுத்தச் சொல்லாமலே எஞ்சின் நின்றுவிட்டது. பெட்ரோல், தீப்பொறி, எஞ்சின் பக்கம் தேடுங்கள், கொய்லுக்கு இதில் வேலையில்லை. சிமிட்டல் நின்றுபோயிருந்தால் ஐந்து நொடிக்குள் ஸ்டாப்பை மூன்று முறை அழுத்தினால் மறுபடி வரும்.

மலையேறியபோது மட்டும் வரும் கோளாறைத் தனியாக வையுங்கள். உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் கூடும்போதும் கார்புரேட்டர் செட்டின் சக்தி 3.5 விழுக்காடு குறையும். கெந்திங் உச்சி 1,800 மீட்டர் பக்கம். அங்கே 4,000 வாட் செட், 3,200 வாட் செட்டாகிவிடும். ஏர்கோனும் மைக்ரோவேவும் சேர்ந்தால் நிற்கத்தான் செய்யும். உயரத்துக்கு ஏற்பத் திருப்பும் குமிழ் உள்ள செட்களில், கீழே இறங்கியதும் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். மலை அளவிலேயே கோலாலம்பூரில் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும்.

இரண்டாம் படி: எஞ்சின் பக்கமா, மின்பக்கமா

எஞ்சின் சீராக ஓடுகிறது, ஆனால் கரண்ட் இல்லை என்றால் மின்பக்கம். எஞ்சினே ஏறி இறங்கி மூச்சுவாங்கினால் பெரும்பாலும் கார்புரேட்டர். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி, ஜெட் என்ற பெட்ரோல் துளையை அடைத்திருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவதைப் பெரிய பழுது என்று சொல்லமாட்டோம், அதை யாரும் செய்யலாம்.

இடையில் ஒன்று இருக்கிறது. அமெரிக்க வண்டிகளின் செட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மலேசியாவில் நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இரண்டு துருவ செட்டில் 60 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 3,600 சுற்று, 50 என்றால் 3,000. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருகி, வேகத்தைக் குறைத்து, சிலர் அதை 50 ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள். வேகம் குறைந்தால் வோல்ட்டும் குறையும். அதை ஈடுகட்ட, வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏவிஆர், ஜெனரேட்டருக்குள் சுற்றும் பாகமான ரோட்டருக்கு அதிகக் கரண்டைத் தள்ளும், ரோட்டர் சூடாகும், ஒருநாள் எரியும். அப்படி மாற்றப்பட்ட செட் என்றால், எரிந்த ரோட்டரை மாற்றினாலும் புதியதும் அதே வழியில் போகும். பெயர்ப்பலகையில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதோ, மீட்டரும் அதையே காட்டவேண்டும்.

மூன்றாம் படி: மின்பக்கச் சோதனை

இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். அதன் மாட்யூலுக்குள் உள்ள கப்பாசிட்டர்கள், எஞ்சின் நின்ற பிறகும் ஆபத்தான வோல்ட்டைப் பிடித்துவைத்திருக்கும். பெரும்பாலும் பிசின் ஊற்றி மூடியிருப்பதால் பிரித்தும் பயனில்லை. முழு மாட்யூலை மாற்றுவதுதான் வழி.

பிரஷ் உள்ள சாதாரண செட்டில் வரிசை இதுதான்.

எல்லா மின்சாதனங்களையும் அணைத்து, செட்டின் பிரேக்கரையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். பிரேக்கருக்கு முன்பக்கம், ஜெனரேட்டர் வயர் வந்து சேரும் முனையில் வோல்ட் பாருங்கள். 2 முதல் 5 வோல்ட் மட்டும் வந்தால் ரோட்டரில் மிச்சக் காந்தம் இருக்கிறது, ஆனால் அதற்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. ஒன்றுமே வராவிட்டால் காந்தம் போயிருக்கலாம். நீண்டகாலம் சும்மா நின்ற செட்களில் இது நடக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வண்டிகள் வாசலோடு முடங்கிக் கிடந்ததே, அந்த மாதிரி நாட்களுக்குப் பிறகு.

எஞ்சினை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பிரஷ் மூடியைத் திறங்கள். பிரஷ் என்பது சுண்டுவிரல் நகம் அகலத்தில் ஒரு கரித்துண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங். வெளியே எடுத்து நீளத்தைப் பாருங்கள். புதியதில் பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும். அது தேயும் செம்பு வளையம் மங்கிய பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் நல்லது. கறுப்புப் பொட்டு இருந்தால் தீப்பொறி விழுந்திருக்கிறது. பச்சை படிந்திருந்தால் உப்புக்காற்று. இரண்டையும் மிக மெல்லிய மணல்தாளால் துடைத்து எடுக்கலாம். எமரித் தாள் கூடாது, அதன் துகள் கரண்டைக் கடத்தும்.

பிரஷ்கள் வெளியே இருக்கும்போதே இரண்டு வளையங்களுக்கு இடையே ஓம் பாருங்கள். சிறு செட்களில் சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை இருக்கும், சரியான எண் செட்டின் கையேட்டில் உண்டு. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ரோட்டர் கம்பி அறுந்திருக்கிறது. பிறகு ஒரு முனையை வளையத்திலும் மற்றதைத் தண்டிலும் வைத்துப் பாருங்கள். தொடர்பு இருக்கவே கூடாது.

ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் கம்பிச்சுற்றான ஸ்டேட்டரைச் சாதாரண மீட்டரால் தீர்ப்பது கடினம். அதன் முக்கியச் சுற்று பல செட்களில் 1 ஓமுக்கும் குறைவு, மீட்டர் வயரின் தடையே அந்த அளவு வரும். அதனால் எண்ணை நம்பாதீர்கள், ஒப்பிடுங்கள். இரண்டு சுற்று உள்ள செட்டில் இரண்டும் ஒன்றுபோல் காட்டவேண்டும். சுற்றுக்கும் சட்டத்துக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (காப்புத்தடையை அளக்கும் மீட்டர்) வைத்தால் 1 மெகா ஓமுக்கு மேல் வரவேண்டும். மெகர் வைக்கும்முன் ஏவிஆர், கண்ட்ரோல் போர்டு இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். மறந்தால், நல்லதாக இருந்த போர்டு அந்த நொடியில் போய்விடும். மழைக்காலத்தில் அளவு குறைவாக வந்தாலும் கொய்ல் எரிந்ததாக அர்த்தமில்லை. மேல்மூடியைத் திறந்து, மேசை விசிறியும் 100 வாட் பல்பும் வைத்து ஒருநாள் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இந்த வரிசையில் மிக அதிகம் சொல்லும் சோதனை இது. பிரஷ்களை மாட்டி, ஏவிஆர் வயர்களைப் பிரஷ்ஷிலிருந்து கழற்றிவிடுங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை ஒரு பியூஸ் வழியாக நேராகப் பிரஷ்ஷுக்குக் கொடுங்கள், கையேடு சொல்லும் பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. வயரை முதலில் கட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு, பிறகே எஞ்சினை ஓட்டுங்கள். வெளியே வரும் வோல்ட் வழக்கமான அளவில் பாதிப் பக்கம் சீராக ஏறினால் ரோட்டரும் ஸ்டேட்டரும் நல்லவை, குற்றவாளி ஏவிஆர் அல்லது போர்டு. “கொய்ல் எரிந்துபோச்சு” என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில் பொய்த்துப்போகும். ஏறாமல், எஞ்சின் மட்டும் பாரம் இழுப்பதுபோல் உறுமினால் ஸ்டேட்டரில் ஷார்ட்.

நான்காம் படி: எஞ்சின் சோதனை

கம்ப்ரெஷன் மீட்டரை மட்டும் நம்பி பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். பல சிறு எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் திறந்துவிடும் ஏற்பாடு உண்டு. நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். செலுத்திய காற்று எவ்வளவு கசிகிறது என்று காட்டும் லீக்டவுன் மீட்டர்தான் சரி. பிஸ்டனை மேலே கொண்டுவந்து, இரு வால்வும் மூடிய நிலையில், பிளக் ஓட்டை வழியாகக் காற்றைச் செலுத்துங்கள். தண்டு சுற்றாமல் இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். 20 விழுக்காட்டுக்குள் கசிந்தால் கவலை வேண்டாம். அதைத் தாண்டினால் காதை வைத்துக் கேளுங்கள். கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு, புகைக்குழாயில் சீறினால் வெளிவால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்.

ஐந்தாம் படி: முடிவு

இப்போது பழுதின் பெயர் தெரியும். மூன்று கேள்விகள் கேளுங்கள்.

செட்டை இறக்காமல் செய்ய முடியுமா? பிரஷ், ஏவிஆர், பெட்ரோல் பம்ப், ஸ்டார்ட்டர் ரிலே போன்றவை பல வண்டிகளில் மாட்டியிருக்கும் இடத்திலேயே கைக்கு எட்டும். ரோட்டர், ஸ்டேட்டர், ரிங் என்றால் இறக்கியே ஆகவேண்டும். 4 கிலோவாட் பெட்ரோல் செட் 80 கிலோ பக்கம், டீசல் பெரிய செட்கள் 200 கிலோவைத் தாண்டும்.

செய்து முடித்ததும் சரியா என்று அளந்து பார்க்க உங்களிடம் கருவி இருக்கிறதா? ரிங் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்காமல் மாற்றுவதுதான் தவறு. நீள்வட்டமாகத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போட்டால் எண்ணெய் முன்போலவே எரியும். இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் போல்ட்டை இறுக்குவதும் இதே கதைதான்.

தவறு நடந்தால் அது எங்கே போய் நிற்கும்? வேலை கெட்டு செட் ஓடாமல் போனால் நட்டம் பணம்தான். புகைக்குழாய் இணைப்பு சரியாக அமராவிட்டால், கட்டிலுக்கடியிலிருந்து நிறமும் வாசமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஏறும். நியூட்ரல் வயரைத் தவறாகக் கட்டினால் வண்டியின் உடம்பே கரண்ட் அடிக்கும்.

அந்த நியூட்ரலைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஜெனரேட்டரில் ஓடும்போது நியூட்ரல் செட்டில் வண்டிச் சட்டத்தோடு இணைந்திருக்கவேண்டும். அப்போதுதான் கரண்ட் கசிந்தால், கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிடி விழும். வெளிக்கரண்டில் பிளக் போட்டதும் அந்த இணைப்பை மாற்று ஸ்விட்ச் துண்டித்துவிடும். செட்டைக் கழற்றி மாட்டும்போது அந்த ஒரு வயரை விட்டுவிட்டால் எல்லாம் நன்றாக ஓடும், விளக்கு எரியும், ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால்கூட விழும். ஏனென்றால் அந்தப் பட்டன் இரண்டு லைனுக்கு நடுவே கரண்டை விட்டுச் சோதிக்கிறது, எர்த்தை அது பார்ப்பதே இல்லை. நிறுத்திய நிலையில் நியூட்ரலுக்கும் சட்டத்துக்கும் ஓம் பார்த்து, பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறதா என்று உறுதிசெய்வதுதான் வழி. வண்டிக்குள் போகும் வயரிங்கை மாற்ற வேண்டிவந்தால், சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற பெண்டாவாயிடம் (வயரிங் வேலைக்காரர்) கொடுத்துவிடுங்கள்.

எங்கள் கணிப்பு இது. பிரஷ், ஏவிஆர், போர்டு, பம்ப், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். ஹெட் கேஸ்கெட்டும் வால்வும் டார்க் ரெஞ்சும் பொறுமையும் இருந்தால் செய்யலாம். ஸ்டேட்டர் சுற்றுவதும் சிலிண்டர் போரிங்கும் கடை வேலை. ஆனால் செட்டை இறக்கி, பிரித்து, அந்த ஒரு பாகத்தை மட்டும் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். புகைக்குழாயை நீங்கள் மாட்டினாலும் இன்னொருவர் கண்ணால் பார்க்கட்டும்.

பணக் கணக்கில் பலர் ஒரு வரியை விட்டுவிடுவார்கள். உதாரணத்துக்கு, பட்டறை 2,800 வெள்ளி சொல்கிறது. உங்களுக்குப் பாகம் 1,100, வாங்கவேண்டிய கருவி 600, ஆக 1,700. மிச்சம் 1,100 என்று தோன்றும். ஆனால் இந்த வேலையை முதல்முறை செய்கிறீர்கள், மூன்றில் ஒருமுறை தோற்கலாம் என்று வையுங்கள். தோற்றால் பட்டறைக்கு அந்த 2,800 மறுபடி. அதில் மூன்றில் ஒரு பங்கு 930. கூட்டினால் 2,630, மிச்சம் 170 வெள்ளிதான். அதோடு பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் செட்டைப் பல போமன்கள் (மெக்கானிக்குகள்) தொடவே மாட்டார்கள், தொட்டாலும் கூலி கூடும். அதே கருவி உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் கணக்கு தலைகீழாக மாறும்.

ஆறாம் படி: நீங்களே இறக்குவதென்றால்

முதலில் இடம். கொண்டோ கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். அங்கே சோதனை ஓட்டம் செய்யவே கூடாது, அடித்தளத்தில் புகை தேங்கும். தரைவீட்டு வாசல் அல்லது தெரிந்தவர் பட்டறை முற்றம் வேண்டும்.

பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள். மாடல், வரிசை எண்ணோடு ஓனானில் ஸ்பெக் எழுத்து ஒன்றும் இருக்கும். ஒரே மாடலில் எழுத்து மாறினால் பாகமும் மாறும். அதைச் சொல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, பொருந்தாத பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

பேட்டரி நெகட்டிவ் முதலில். பெட்ரோல் குழாயைக் கவ்வி அடைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதுங்கள், படம் மட்டும் போதாது. மோட்டார்சைக்கிள் தூக்கும் ஹைட்ராலிக் மேசையைச் செட்டுக்கு அடியில் நகர்த்தி, பாரம் முழுதும் மேசையில் அமர்ந்த பிறகே கடைசி போல்ட். வண்டியைக் கார் ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள்.

ரோட்டர் கூம்பு வடிவத் தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். கம்பியை நுழைத்து நெம்பினால் காற்றாடி உடையும், சுத்தியலால் தண்டு முனையில் அடித்தால் பேரிங் போகும். நீள போல்ட்டைக் கழற்றி, அதற்குரிய இழுப்பான் போல்ட்டைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், ரோட்டர் கழன்றுவிடும். அதன் பாரத்தைத் தாங்க ஒரு கை தயாராக இருக்கட்டும்.

மீட்டர், மெகர், பொதுவான ஏவிஆர், கப்பாசிட்டர் போன்றவற்றுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளில் ஒரு நடை நடந்து பாருங்கள். பழைய கார்களை வெட்டிப் பாகமாக விற்கும் ஹாஃப்-கட் கடையில் ஜெனரேட்டர் பாகத்தை நம்பிப் போகாதீர்கள், 12 வோல்ட் ரிலே, பெட்ரோல் பம்ப் மாதிரி பொதுவானவை கிடைக்கலாம். வடித்த எண்ணெயை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். சுற்றுச்சூழல் விதியில் அது எஸ்டபிள்யூ 305 என்ற பட்டியலிட்ட கழிவு. டின்னில் பிடித்து, கழிவெண்ணெய் சேர்க்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

பட்டறைக்குக் கொடுப்பதென்றால்

“ஓடமாட்டேங்குது, பாருங்க அண்ணே” என்று மட்டும் சொல்லி விட்டுவராதீர்கள். நீங்கள் எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மிச்ச வோல்ட், ரோட்டர் ஓம், மெகர், லீக்டவுன். அளவோடு வருபவரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கொய்ல் சுற்றும் கடையில் மூன்று கேளுங்கள். பழைய கம்பியின் தடிமனையும் சுற்றின் எண்ணிக்கையையும் எண்ணியா சுற்றுகிறீர்கள்? வார்னிஷில் தோய்த்து அடுப்பில் சுடுவீர்களா, மேலே தடவிக் காயவிடுவீர்களா? முடிந்ததும் மெகர் அளவு எழுதித் தருவீர்களா? மோட்டார்ஹோம் செட் வண்டியோடு சேர்ந்து அதிரும். மேலே தடவிய வார்னிஷ் அந்த அதிர்வில் கம்பிகளைப் பிடித்து வைக்காது. கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நாள் குறித்து ரசீதில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் போன் செய்யும்போதெல்லாம் “பெலும் சியாப் லாகி” (இன்னும் முடியவில்லை) தான்.

ஏழாம் படி: மாட்டிய பிறகு

யார் செய்தாலும் இந்தச் சோதனையை நீங்கள் செய்யுங்கள். பாரமில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி வோல்ட்டும் ஹெர்ட்ஸும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கவர்னர் வகையில் பாரமின்றி 52 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், பாரத்தில் 50-க்கு வந்து நிற்கும். எலக்ட்ரானிக் கவர்னர் என்றால் இரண்டிலும் 50-ஐ ஒட்டியே நிற்கவேண்டும். பிறகு மின்கெட்டில் ஒன்று, அடுத்து இன்னொன்று என்று கால், அரை, முக்கால் பாரமாக ஏற்றுங்கள், ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம். ஏர்கோனைக் கடைசியில் போடுங்கள், கம்ப்ரெஸர் தொடங்கும் நொடியில் இழுக்கும் கரண்ட் கெட்டிலைவிடப் பல மடங்கு.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஜன்னல்களை மூடி, கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கை மட்டத்தில் வைத்து, நீங்கள் வெளியே நில்லுங்கள். அரை மணி கழித்து அதன் எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்தைத் தவிர எதைக் காட்டினாலும் அன்றிரவு அந்த வண்டியில் யாரும் படுக்கவேண்டாம்.

எஞ்சினைத் திறந்து செய்த வேலை என்றால் முதல் 20 மணி நேரத்தில் எண்ணெயை மாற்றுங்கள், நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 30 போதும். அதன் பிறகு 150 மணிக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை. மாதம் இரண்டு மணி நேரம் அரை பாரத்தில் ஓட்டுங்கள். மணிமீட்டரின் எண்ணையும் தேதியையும் பிரஷ் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவிட்டு மூடுங்கள்.